ஆஷிமா ஏன் மலை ஏறவில்லை? குன்னூர் வாசிப்பு வட்டத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தாமஸ் என்ற பேசும் இன்ஜினின் கதைகளைச் சொல்லும் வரிசையில் 2016-இல் வெளிவந்த ‘தி கிரேட் ரேஸ்’ என்ற படத்தில் இந்தியாவின் சார்பாக ஓர் இன்ஜின் போட்டிக்கு வருகிறது. அதன் பெயர் ஆஷிமா. உடம்பெல்லாம் இளஞ்சிவப்புச் சாயமும் சித்திர வேலைப்பாடும். குரல் கொடுத்தவர் நடிகை டீனா தேசாய். அவளுக்கு முன்மாதிரியாக இருந்தது, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இன்றும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வரும் நம் மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி இன்ஜின். உலகெங்கும் குழந்தைகள் பார்க்கும் ஒரு கதையுலகுக்குள் நீலகிரியின் இன்ஜின் நுழைந்திருப்பது சின்ன விஷயமில்லை. நான் பொறுப்பு வகிக்கும் சிறுவர் வாசிப்பு வட்டத்தில் இந்தப் படத்தைப் போட்டதும் அதனால்தான்.

எங்கள் வட்டத்துக்குத் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அரவங்காடு வெடிமருந்து ஆலைக் குடும்பத்துப் பிள்ளைகளும், பக்கத்து ஹட்டிகளிலிருந்து படகர் பிள்ளைகளும் உண்டு. மலை ரயிலின் விசில் இவர்களுக்குக் கடிகாரம். படம் முடிந்ததும் கைதட்டினார்கள், ஆஷிமாவை வரைந்தார்கள். பிறகு, ரன்னிமேடு பக்கமிருந்து வரும் ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: “அக்கா, இவள் மலையே ஏறவில்லையே? நம் இன்ஜின் என்றால் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுதானே ஏறும்?”

ஒரு படப் புத்தகத் தொடர் திரைக்குப் போகும்போது எது கூடவே போகிறது, எது வழியில் இறங்கிவிடுகிறது என்பதை இதைவிடத் துல்லியமாக யாரும் கேட்க முடியாது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு புத்தகங்கள், படங்கள், ரயில்பாதை என்று மூன்றையும் பிள்ளைகளோடு சேர்ந்து ஒப்பிட்டோம்.

தள்ளுகிற இன்ஜினிலிருந்து பிறந்த கதை

தாமஸ் முதலில் தொலைக்காட்சிக்காரன் இல்லை. ‘ரயில்வே சீரீஸ்’ என்ற சின்னச் சின்னப் படப் புத்தகங்களில் பிறந்தவன். எழுதியவர் வில்பர்ட் ஆட்ரி என்ற இங்கிலாந்துப் பாதிரியார். போர்க் காலத்தில் தட்டம்மை கண்டு படுத்திருந்த மகன் கிறிஸ்டோபருக்குச் சொல்லத் தொடங்கிய கதைகள் இவை. முதல் புத்தகம் 1945 மே 12 அன்று வந்தது. 1972 வரை ஆட்ரி 26 புத்தகங்கள் எழுதினார். 1983 முதல் மகன் தொடர்ந்தார். மொத்தம் 42. ஒவ்வொன்றிலும் நான்கு கதைகள். இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் முழுப் பக்க வண்ணப் படம்.

கதைக்கான விதை இன்னும் முன்னால் விழுந்தது. ஆட்ரி சிறுவனாக இருந்தபோது அவர் வீடு பாக்ஸ் என்ற ஊரில், ரயில் சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே ஏற்றம் கடினம். இரவில் சரக்கு வண்டி ஒன்று ஏற முடியாமல் திணறும். அதைப் பின்னாலிருந்து தள்ள உதவி இன்ஜின் ஒன்று வரும். படுக்கையில் கிடந்தபடி அந்த இரண்டு இன்ஜின்களின் மூச்சுச் சத்தத்தைக் கேட்ட சிறுவனுக்கு, அவை பேசிக்கொள்வதாகத் தோன்றியது. ஒன்று “என்னால் முடியவில்லை” என்கிறது, மற்றொன்று “முடியும், முடியும்” என்கிறது. பேசும் இன்ஜின்களின் உலகம் முழுவதும் அந்தத் தள்ளுகிற சத்தத்திலிருந்து வந்தது.

முதல் புத்தகத்திலேயே அது கதையாகியும் விட்டது. எக்ஸ்பிரஸ் இழுக்கிற கார்டன், சரக்கு வண்டியை இழுப்பது தன் தகுதிக்குக் குறைவு என்று நினைத்துக்கொண்டே போய் மேட்டில் நின்றுவிடுகிறான். எல்லோரும் இளக்காரமாகப் பார்க்கும் எட்வர்ட் பின்னால் வந்து முட்டுக்கொடுத்துத் தள்ளுகிறான். உச்சிக்குப் போனதும் கார்டன் நன்றி சொல்லாமலே ஓடிவிடுகிறான். இதைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது பிள்ளைகளுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். தள்ளுகிறவனின் உழைப்பு முன்னால் போகிறவனுக்குத் தெரியாது என்பது தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆட்ரிக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. தன் கதைகளில் நடக்கும் சம்பவங்கள் உலகத்தில் எங்கோ ஒரு ரயில்பாதையில் உண்மையிலேயே நடந்தவையாக இருக்க வேண்டும். இன்ஜின்கள் பேசலாம், ஆனால் இன்ஜினால் முடியாததைச் செய்யக் கூடாது. ஓவியரோடு அவர் சண்டை போட்டதும் இதற்காகத்தான். ரெஜினால்ட் டால்பி வரைந்த பெர்சி, சிவப்புக் கோடு போட்ட பச்சைக் கம்பளிப்புழு மாதிரி இருக்கிறது என்று அவர் குறைபட்டார்; 1956-இல் டால்பி விலகிவிட்டார். சோடர் என்ற கற்பனைத் தீவை இங்கிலாந்துக் கரைக்கும் மேன் தீவுக்கும் நடுவே வைத்து, தம்பியோடு சேர்ந்து அதற்கு வரைபடமும் வரலாறும் எழுதிவைத்தார். குழந்தைக்குச் சொல்கிற கதைதானே என்று எதையும் விட்டுக்கொடுக்காத மனிதர். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

திரை அதை என்ன செய்தது

முதல் முயற்சியே விபத்தில் முடிந்தது. 1953 ஜூன் 14 அன்று பிபிசி, ஹென்றி இன்ஜினின் கதையை மாதிரி ரயில்களை வைத்து நேரடி ஒளிபரப்பாகக் காட்டியது. தடம் மாற்றும் இடத்தில் தவறு நேர்ந்து இன்ஜின் தடம் புரண்டது. நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதக் கை திரைக்குள் வந்து அதைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தது. ஆட்ரிக்குக் கடும் ஏமாற்றம். அந்த முயற்சி நீடிக்கவில்லை.

பிறகு வந்தவர் பிரிட் ஆல்கிராஃப்ட். 1979-இல் நீராவி ரயில்பாதை ஒன்றைப் பற்றிய ஆவணப்படத்துக்காக ஆட்ரியைச் சந்தித்து, கதைகளில் மனம் பறிகொடுத்து, உரிமையை வாங்கினார். 1984-இல் தொடர் தொடங்கியது. டேவிட் மிட்டன் இயக்கிய மாதிரி இன்ஜின்கள், ரிங்கோ ஸ்டாரின் கதைசொல்லும் குரல். முகங்கள் அசையாது, கண்கள் மட்டும் உருளும். ஒரே குரல் எல்லோருக்காகவும் பேசும். கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் வாசிப்பது போன்ற அமைப்பு அது. மாதிரி இன்ஜினுக்கு எடை உண்டு, தண்டவாளத்தை விட்டு எங்கும் போக முடியாது. அந்தக் கட்டுப்பாடே அதைப் புத்தகத்தோடு கட்டிவைத்தது என்பது என் முடிவு. திரை வடிவங்களில் இன்னமும் இதுவே சிறந்தது.

தொடர் வளர வளரப் புத்தகக் கதைகள் போதவில்லை. புதுக் கதைகள் எழுதினார்கள். அவற்றில் ரயில் விதிகள் மீறப்படுவதைக் கண்டு ஆட்ரி அதிருப்தி அடைந்தார். அவர் 1997-இல் காலமானார். 2000-இல் ஆல்கிராஃப்டே எழுதி இயக்கி ‘தாமஸ் அண்ட் த மேஜிக் ரெயில்ரோட்’ என்ற திரைப்படம் வந்தது. அலெக் பால்ட்வின், பீட்டர் ஃபோண்டா, மாரா வில்சன் நடித்தார்கள். மாயத் தங்கத்தூள், இன்ஜின்களை நசுக்க அலையும் டீசல் 10 என்று கதை வேறு திசையில் போனது. முன்னோட்டக் காட்சி பார்த்தவர்கள் வில்லன் மனிதன் பயமுறுத்துகிறான் என்று சொல்ல, அந்தப் பாத்திரத்தையே வெட்டினார்கள். மிஞ்சிய கதையில் ஓட்டை தெரிகிறது. செலவு ஏறக்குறைய 1.9 கோடி டாலர். வசூலும் கிட்டத்தட்ட அவ்வளவே. இந்தப் படத்தை எங்கள் பிள்ளைகள் பாதியிலேயே விட்டுவிட்டு கேரம் ஆடப் போய்விட்டார்கள்.

2009 முதல் கணினி வரைகலை. முகம் அசைந்தது, உதடு அசைந்தது, ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனிக் குரல் வந்தது. 2012-இல் உரிமை மாட்டெல் நிறுவனத்துக்குப் போனது. 2021-இல் வந்த புது வடிவத்தில் இன்ஜின்கள் துள்ளிக் குதிக்கின்றன. இந்த வரிசையில் ‘தி கிரேட் ரேஸ்’ நடுவில் வருகிறது. அதை இகழ எனக்கு மனமில்லை. இயக்குநர் டேவிட் ஸ்டோட்டனும் எழுத்தாளர் ஆண்ட்ரூ பிரென்னரும் பல நாட்டு இன்ஜின்களை உண்மையான மாதிரிகளிலிருந்து எடுத்தார்கள். இந்தியா என்றதும் வட நாட்டுப் பெரிய இன்ஜின் எதையும் தேடாமல் நீலகிரிக்கு வந்தார்கள். அந்தத் தேர்வுக்கு நான் நன்றியுள்ளவள்.

ஆனால் தேர்ந்தெடுத்த பிறகு என்ன செய்தார்கள்? பெட்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தி அடுக்கும் ஷண்டிங் போட்டியில் அவளை நிறுத்தினார்கள். பற்சட்டம், அதாவது இன்ஜினின் பற்சக்கரம் பிடித்து ஏறுவதற்கான பல் வைத்த சட்டம், பதித்த பாதையில் அவள் ஏறும் காட்சி ஒன்றும் இல்லை.

பாதையோரத்தில்

பிள்ளைகளைக் குன்னூர் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் கீழே, பற்சட்டம் முடிவதற்கு முன்பு பாதை நன்றாகத் தெரியும் ஓர் இடத்துக்கு அழைத்துப் போனேன். ஓய்வுபெற்ற பிரேக்ஸ்மேன் ஒருவரும் வந்திருந்தார். பிள்ளைகளுக்கு அவர் தாத்தா.

முதலில் தெரிவது இன்ஜின் இல்லை, பெட்டி. அதன் முன் மேடையில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன். இன்ஜின் டிரைவர் வண்டியின் கடைசியில் இருக்கிறார். முன்னால் பாறை கிடக்கிறதா, யானை நிற்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. முன்னால் நிற்பவரின் கொடிதான் அவருக்குக் கண். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. இன்ஜினின் விசிலைக் கேட்டு அவரவர் பிரேக்கைப் பிடிக்கவும் தளர்த்தவும் வேண்டும். இன்ஜின் ஏன் பின்னால் என்றால், ஏற்றத்தில் எந்த இணைப்பு அறுந்தாலும் பெட்டி கீழே உருண்டு போகாமல் அதன் மேலேயே சாய்ந்து நிற்கும். இறங்கும்போதும் இன்ஜின் கீழ்ப்பக்கமே இருக்கும்.

கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பாதையின் நடுவே இரண்டு பற்சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் பள்ளம் வரும்படி தள்ளிப் பதித்திருக்கிறார்கள். அதனால் இன்ஜினுக்கு அடியில் உள்ள பற்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்திருக்கும். ஆப்ட் முறை என்று இதற்குப் பெயர். அதிகபட்சச் சரிவு 12-க்கு 1. பற்சட்டப் பாதையில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான்.

இன்ஜின் எங்களைக் கடந்தபோது பிள்ளைகள் பார்த்தது இதுதான். பக்கவாட்டில் சிலிண்டர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. கீழே உள்ளவை சக்கரங்களைச் சுழற்றுகின்றன. அங்கே வேலை முடித்த நீராவி வீணாகாமல் மேலே உள்ளவற்றுக்குள் போய்ப் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. சமதளத்தில் மேல் சிலிண்டர்களுக்கு வேலையே இல்லை. பற்சட்டத்தில் ஏறியதும் மேல் தண்டும் கீழ்த் தண்டும் எதிரெதிர்த் திசையில் சுழலத் தொடங்குகின்றன. ஒரு சிறுவன் இரண்டு கைகளையும் எதிரெதிராகச் சுற்றிப் பார்த்தான், வரவில்லை. எல்லோரும் முயன்றார்கள். தாத்தா மட்டும் கையை அநாயாசமாகச் சுற்றிக் காட்டினார்.

இந்த உடம்புக்குள் எத்தனை கதை இருக்கிறது! சமதளத்தில் சும்மா இருந்து, மலையில் மட்டும் விழித்துக்கொள்ளும் இரண்டாவது இதயம். முகம் தெரியாமல் பின்னால் நின்று உழைக்கும் இன்ஜின். தன் கண்ணை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஏற வேண்டிய நம்பிக்கை. இதில் ஒன்றுகூடப் படத்துக்குள் போகவில்லை. போனது சாயம். அந்தச் சாயமும் நம்முடையது இல்லை. நம் இன்ஜின் நீலம்.

மலை ஏற்கெனவே தயாராக இருந்தது

ரயிலைப் பற்றி அறிந்தவர்கள் ஒரு மறுப்புச் சொல்லலாம். படம் நடப்பது இங்கிலாந்தில். அங்கே பற்சட்டப் பாதைக்கு எங்கே போவது? போதாததற்கு நம் பாதை, தண்டவாள இடைவெளி ஒரு மீட்டரே உள்ள மீட்டர் கேஜ்.

கேஜ் வேறுபாட்டைப் படமே பொருட்படுத்தவில்லை. ஆஷிமா அங்கே இங்கிலாந்தின் வழக்கமான ஸ்டாண்டர்ட் கேஜ் பாதையில்தான் ஓடுகிறாள். மலைக்கும் பஞ்சமில்லை. 1964-இல் ஆட்ரி எழுதிய 19-ஆவது புத்தகம் ‘மவுண்டன் இன்ஜின்ஸ்’ முழுக்க முழுக்கப் பற்சட்டப் பாதையைப் பற்றியது. சோடர் தீவிலேயே கல்டீ ஃபெல் என்ற மலை ரயிலை அவர் உருவாக்கினார். அதற்கு முன்மாதிரி வேல்ஸ் நாட்டின் ஸ்னோடன் மலை ரயில். அதுவும் நம்முடையதைப் போல ஆப்ட் முறைதான். இன்னொரு உறவும் உண்டு: ஸ்னோடனின் நீராவி இன்ஜின்களும் நம் எக்ஸ் வகை இன்ஜின்களும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. நம்முடையவை 1914 முதல் 1925 வரையும் பிறகு 1952-இலும் வந்தன. 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் இதே வகையில் புதியவற்றைச் செய்திருக்கிறார்கள். ஆக, அந்தக் கதைகளில் வரும் கல்டீ என்ற மலை இன்ஜினும் ஆஷிமாவும் ஒருவிதத்தில் ஒரே ஊரில் பிறந்த சொந்தக்காரர்கள்.

அந்தப் புத்தகத்தில் பிள்ளைகளை உலுக்கியது காட்ரெட் என்ற இன்ஜினின் கதை. தன்னை நினைத்துப் பெருமையடித்துக்கொண்டே, பாதையைக் கவனிக்காமல் வந்து, பற்சட்டத்தின் பிடி நழுவி மலையிலிருந்து விழுகிறான். பெட்டியின் பிரேக் தானே பிடித்துப் பயணிகளைக் காப்பாற்றுகிறது. விழுந்தவனைப் பழுது பார்க்கப் பணமில்லை. மற்ற இன்ஜின்களுக்கு உதிரிப் பாகமாக அவனைக் கழற்றிவிடுகிறார்கள். குழந்தைகள் புத்தகத்தில் இப்படியும் எழுதலாமா என்று முதலில் எனக்கே தோன்றியது. அடியில் இருப்பது உண்மைச் சம்பவம். 1896 ஏப்ரல் 6, ஸ்னோடன் பாதை திறந்த முதல் நாளில், ஒன்றாம் எண் இன்ஜின் பிடி நழுவி மலைச்சரிவில் விழுந்தது. பயந்து வெளியே குதித்த பயணி ஒருவர் இறந்தார். அதன் பிறகு பாதையில் கூடுதல் பிடிமானம் அமைத்தார்கள்.

வாசித்து முடித்ததும் தாத்தா சொன்னார்: “அவர் ரயிலை அறிந்து எழுதியிருக்கிறார், அம்மா. பிரேக்கைப் பற்றித் தெரியாதவர் இதை எழுத முடியாது.”

இந்தப் புத்தகத்தின் கதைகள் தொலைக்காட்சித் தொடரில் படமாக்கப்படவே இல்லை. காரணம் புரிகிறது: மாதிரி இன்ஜின்களுக்காகப் புதிதாக ஒரு மலையும் பற்சட்டமும் கட்டுவது பெருஞ்செலவு. கணினி வரைகலை வந்த பிறகு அந்தக் காரணம் போய்விட்டது. 2016-இல் ஒரு மலை இன்ஜினைக் கையில் வைத்துக்கொண்டு, அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்ட மலை ஒன்று பக்கத்தில் தயாராக இருக்க, இரண்டையும் சேர்க்காமல் விட்டதுதான் இந்தத் தழுவலின் பெரிய குறை. தாமஸ் வேகமான, வழவழப்பான இன்ஜினாக மாற ஆசைப்படும்போது, நீ நீயாகவே இரு என்று அவனுக்குச் சொல்பவள் ஆஷிமா. படத்தின் மையக் கருத்தையே அவள் வாயால் சொல்லவைத்தவர்கள், அவளை அவளாக இருக்கவிட்டிருந்தால் அந்தப் பேச்சுக்கு எவ்வளவு கனம் கூடியிருக்கும்! சமதளப் போட்டியில் தோற்று, கல்டீ ஃபெல் மலையில் நின்றுபோன வண்டியைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றும் ஆஷிமா, எட்வர்டின் நேர் வாரிசாக இருந்திருப்பாள்.

2018-இல் தொலைக்காட்சித் தொடரில் தாமஸ் இந்தியாவுக்கே வருகிறான். யானை, புலி, சினிமாப் படப்பிடிப்பு எல்லாம் வருகின்றன. பிள்ளைகள் ரசித்தார்கள். என் கருத்தில், வெளியூர்க்காரர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் இந்தியாவை அது காட்டுகிறது. கல்லாறு பக்கம் தண்டவாளத்தில் யானைக் கூட்டம் நிற்கும்போது வண்டியில் இருப்பவர்கள் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கும் கதை வேறு.

பிள்ளைகள் செய்தது

இந்த ஒப்பீட்டின் முடிவில் பிள்ளைகள் தாங்களே ஒரு படப் புத்தகம் செய்யத் தொடங்கினார்கள். ஆட்ரியின் அளவு, ஆட்ரியின் அமைப்பு: நான்கு கதைகள், இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் படம். தாமஸையோ ஆஷிமாவையோ எடுத்துக்கொள்ளவில்லை. இன்ஜினும் பெயரும் அவர்களுடையவை. ஆட்ரியின் விதியையும் வைத்துக்கொண்டார்கள்: தாத்தா “இது நடக்கும்” என்று தலையாட்டாத எதுவும் புத்தகத்துக்குள் வரக் கூடாது. அதனால் இன்ஜின் யானையோடு பேசும் காட்சி போய்விட்டது. யானை நகரும் வரை நீராவியைத் தணித்துக் காத்திருக்கும் காட்சி வந்தது. ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்கும்போது குரங்கு டிபன் பொட்டலத்தைப் பறிக்கும் கதைக்கு எந்த ஆட்சேபணையும் எழவில்லை.

பெரிய வாக்குவாதம் நான்காவது கதையில் நடந்தது. ஐப்பசி மழையில் ஆடர்லிக்கு மேலே மண் சரிந்து பாதை மூடிக் கிடக்கிறது. முன்னால் நிற்கும் பிரேக்ஸ்மேன் சிவப்புக் கொடியைக் காட்டி வண்டியை நிறுத்துகிறார். அதற்குப் பிறகு? இன்ஜின் தன் பலம் முழுவதையும் கொடுத்து மண்ணைத் தள்ளிவிட்டுக் குன்னூருக்கு வந்து சேர வேண்டும் என்றார்கள் பாதிப் பேர். படம் பார்த்த பழக்கம் அது. ரன்னிமேடு பெண் பிள்ளை ஒப்புக்கொள்ளவில்லை. தாத்தாவிடம் தீர்ப்புக்குப் போனார்கள். மண்ணுக்குள் முட்டினால் பற்சட்டம் வளையும், பெட்டியில் இருப்பவர்கள் உயிருக்கு ஆபத்து, வண்டி மெல்லப் பின்னோக்கி இறங்கி மேட்டுப்பாளையத்துக்கே போகும், பயணிகளை பஸ்ஸில் அனுப்புவார்கள் என்றார் அவர். புத்தகத்தில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. கதையின் நாயகி இன்ஜின் இல்லை என்றும் முடிவாகிவிட்டது; கொடி காட்டிய பிரேக்ஸ்மேனுக்கே கடைசிப் படம்.